கடைசி வரிசைக்கு முந்தின சீட்டு

மீனாட்சி பஜார், மூன்றாவது சந்து.
கண்ணாடிக்குப் பின்னால் தெர்மாகோல் தலைகள்
ஆளுக்கொரு ஹெட்போனோடு.
ஒன்றுகூடக் கண்ணாடி போடவில்லை,
தோடு போடவில்லை,
சித்திரை மாதத்தில் வியர்க்கவும் இல்லை.

"பேஸ் நல்லா இருக்கணும், காது வலிக்கக் கூடாது,
ரெண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது."
சிக்கந்தர் சிரித்தான்.
"மூணுல ரெண்டு கிடைக்கும்க்கா.
எந்த ரெண்டுன்னு நீங்களே சொல்லுங்க."

முதலாவது எண்ணூற்றைம்பது.
அதிர்ந்தது, குறை சொல்ல முடியாது.
ஆனால் கிடுக்கி மாதிரி பிடித்து
கண்ணாடியின் காம்பை
எலும்புக்குள் அனுப்பப் பார்த்தது.
ஜவுளிக்கடையில் பதினோரு மணி நேரம்
நின்றுவிட்டு வருகிறவளுக்குக்
காலில் இருக்கிற வலி போதும்.

அடுத்தது நாலாயிரத்துச் சொச்சம்.
சும்மா போட்டுப் பாருங்க என்றான்.
கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தை.
வயலின் வில்லில் பூசின பிசின்கூடக் கேட்டது.
பேஸ் மட்டும்
சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ஆளாக
போதும் போதும் என்று
இலையை மறைத்துக்கொண்டே இருந்தது.

"உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது?"
என் போனை நீட்டினேன்.
பதினேழு நொடி.
அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது.

அவனியாபுரத்திலிருந்து பெரியார் போகிற மினி பஸ்.
ஆறு வருஷமாக எனக்கு அதில்
கடைசி வரிசைக்கு முந்தின சீட்டு.
அடியில் ஊஃபர் பெட்டி.
டிரைவர் பிரிட்டோ என்ன பாட்டுப் போட்டாலும்
வார்த்தை பின்னால் வந்து சேராது.
அடி மட்டும் வரும்.
தகரம் வழியாக, ரெக்சின் வழியாக,
மடியில் டிபன் பாக்ஸ் மூடியைக் கிடுகிடுக்க வைத்து,
தண்டுவடத்தில் ஒவ்வொரு கணுவாக ஏறிப்
பிடரியில் உட்காரும்.
என் முதுகை யாரும் தொட்டு
நாலு வருஷம் ஆகியிருந்தது.

மாசியில் வண்டியை மாற்றிவிட்டார்கள்.
புதுசில் ஊஃபர் இல்லை.
பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக
யாரோ மனுக் கொடுத்தார்களாம்.
நியாயம்தான்.

"இன்ஜின் சத்தமா இருக்கேக்கா."
ஆமாம் என்றேன்.

மூன்றாவது ஆயிரத்துத் தொள்ளாயிரம். துணி மெத்தை.
"லெதர்னா நம்ம ஊர் வெயிலுக்கு
ரெண்டே மாசத்துல உரிஞ்சிரும்,
காதெல்லாம் கறுப்புத் தூளு."
"இருபது நிமிஷம் போட்டுப் பார்க்கணும்."
அவன் வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை?
நாளைக்கு நாற்பது பேருக்குப் பிரித்துக் காட்டி
முப்பது பேருக்குத் திரும்ப மடிக்கிறவள் நான்.
அட்டைப்பெட்டி ஒன்றைக் காலால் நகர்த்தி
"உட்காருங்க" என்றான்.

இடது காதுத் தோடு உறுத்தியது.
கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

பதினேழு நொடியை
திரும்பத் திரும்பத் திரும்ப.

வந்தது.
தாடைக்கு வந்தது,
கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்டுக்கு வந்தது.
அதற்குக் கீழே இறங்கவில்லை.
எவ்வளவு நேரம் காத்திருந்தும்
தோள்பட்டை வரைக்கும்கூட இல்லை.
இந்த விலைக்குத் தலைதான் வரும் போல.
ஆனால் வலிக்கவில்லை.
இருபது நிமிஷம் முடிந்ததைச்
சிக்கந்தர் கை காட்டித்தான் சொன்னான்.

ஆயிரத்து எழுநூற்றைம்பதுக்கு முடிந்தது.
பில் வேண்டாம் என்றால் இன்னும் ஐம்பது குறைப்பானாம்.
பில் வாங்கிக்கொண்டேன்.

புது வண்டியில் அதே இடம்.
ஊஃபர் இருந்த இடத்தில் யாருடைய மூட்டையோ, வெங்காயம்.
தலைக்குள் பிரிட்டோவின் பழைய வண்டி,
அடியில் இந்த வண்டியின் டீசல்.
ரெண்டுக்கும் தாளம் ஒத்துப்போகவில்லை.
சிக்னலில் நிற்கும்போது மட்டும்
சீட்டு லேசாக உதறி
கழுத்தில் எங்கேயோ
ஒரு கணம் தொட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.
மாதிரிதான்.

வில்லாபுரம் தாண்டித்தான் ஞாபகம் வந்தது.
விரலைப் பிரித்துப் பார்த்தேன்.
தோடு இருந்தது, திருகாணி இல்லை.
குனிந்து தேடுவதென்றால்
முதலில் இதைக் கழற்ற வேண்டும்.